பூஜையில் வைத்த எர்த் ராடு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே,

கையுறை போடு, பெல்ட் கட்டு, ஸ்விட்சை இறக்காமல் கம்பத்தில் ஏறாதே என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பரீட்சைகூட வைத்திருப்பார்கள். அதையே நானும் வந்து சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். நான் பேசப் போவது சாமி கும்பிடுவதைப் பற்றி. சிரிக்க வேண்டாம். முப்பத்து நாலு வருஷம் லைன்மேனாக இருந்தேன். அதில் நான் செய்த மிகப் பெரிய தப்பு சாமி கும்பிட்ட அன்றைக்குத்தான் நடந்தது, அதுவும் சாமிக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த பிரிவு அலுவலகம் திருத்தணிக்கு வடக்கே. ஆயுத பூஜை அன்று கட்டிங் பிளையர், இடுப்பு பெல்ட், ஏணி எல்லாவற்றையும் துடைத்து முருகன் படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவோம். இது எல்லா ஆபீசிலும் உண்டு. எங்கள் ஆபீசில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு அடி முன்னே வந்து, சாமி தன்னைக் காப்பாற்றிய ஒரு சமயத்தை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது. சொல்லாதவனுக்குச் சுண்டல் கிடையாது.

வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் வருஷா வருஷம் புதிதாக ஆபத்து வராதே. அதனால் அவனவன் ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவான். ஒரு போர்மேன், மாமியார் ஊருக்குப் போன பஸ் புளியமரத்தில் உரசியதைப் பன்னிரண்டு வருஷம் சொன்னார். பஸ்ஸுக்குப் பெயின்ட் போனதோடு சரி. நாங்களும் பக்தியோடு தலையாட்டுவோம்.

என்னுடைய சம்பவம் உண்மையான சம்பவம். ஒரு புயலுக்கு மறுநாள், ஏரிக்கரை ஓரத்தில் அறுந்து கிடந்த கம்பியைக் கட்டப் போயிருந்தோம். லைனை ஆஃப் செய்தாகிவிட்டது. நான் கம்பத்தில் கால் வைக்கப் போனேன். என்னோடு வந்தவர் முனுசாமி. என் அக்கா புருஷன். அவரும் லைன்மேன். இந்தப் பக்கத்து வழக்கப்படி அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர், "நில்லு மச்சான், ராடு போட்டுட்றேன்" என்று சொல்லிவிட்டு எர்த் ராடை எடுத்தார். அது நீளமான கம்பு, நுனியில் கொக்கி, அடியிலிருந்து ஒரு வயர் பூமிக்குப் போகும். ஆஃப் ஆன லைனில் எங்கிருந்தாவது கரண்டு வந்தால் ஆள் மேல் பாயாமல் மண்ணுக்குப் போய்விடும். அவர் கொக்கியை மாட்டினார். டமார் என்று ஒரு சத்தம். கொக்கியின் நுனி உருகிப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். அவர்கள் மெயினைப் பிரிக்காததால் அந்தக் கரண்டு எங்கள் லைனுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அந்த வாரமே திருத்தணி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன்.

முதல் வருஷம் பூஜையில் இதைப் பத்து நிமிஷம் சொன்னேன். புயல், ஏரிக்கரை, மண்டபம், முனுசாமி, ராடு எல்லாம் வந்தது. அடுத்த வருஷம் மண்டபம் போயிற்று. அதற்கடுத்த வருஷம் முனுசாமி போனார். ராடு எப்போது போனது என்று ஞாபகமில்லை. எட்டாவது வருஷம், "ஏரிக்கரையாண்ட சாவ வேண்டியவன், முருகன் காப்பாத்திட்டான்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுச் சுண்டலுக்குக் கை நீட்டினேன்.

அந்த எட்டாவது வருஷம் எங்களுக்குப் புது ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், வந்திருந்தார். பெண். தெற்கத்திக்காரர். எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயசு. முதல் தடவையாக எங்கள் பூஜையில் நிற்கிறார். நான் சொல்லி முடித்ததும், "எப்படிண்ணே காப்பாத்துனாரு?" என்று கேட்டார்.

எப்படி என்றால்? சாமி காப்பாற்றினார் என்றால் காப்பாற்றினார். இது இன்னா மேடம் கேள்வி என்று முழித்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அது பெரிய கதைங்க மேடம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். எனக்கோ முகம் சுருங்கிப் போயிற்று. சாமிகிட்டயே ரிப்போர்ட் கேக்கறாங்க என்று வெளியில் வந்து முனுசாமியிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பொரியை மென்றுகொண்டு சரி விடு, விடு என்றார். நான் விடவில்லை. அன்று முழுக்க மனசுக்குள் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் எடுக்கக் கூடாது. உங்களுக்கும் தெரியும், வீட்டில் புத்தகத்தைக்கூடத் தொட விடமாட்டார்கள். அவசரத்துக்கு என்று ஒரு பிளையரும் ஒரு பெல்ட்டும் மட்டும் தனியாக வைத்திருப்போம். எர்த் ராடு அப்போது ஆபீசில் நல்ல நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. இன்னொன்றுக்கு வயர் அறுந்து மூலையில் கிடந்தது. அந்த ஒன்றையும் முருகன் படத்துக்கு நேர் எதிரில் சாய்த்து வைத்து, இருப்பதிலேயே பெரிய சாமந்தி மாலையை அதற்குப் போட்டவன் நான்தான்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போன் வந்தது. பொதட்டூர்பேட்டை போகிற வழியில் ஒரு நெசவு ஊர், பேர் வேண்டாம், அங்கே ஒரு கம்பத்தில் இரண்டு கம்பியை இணைக்கிற ஜம்பர் எரிந்து பாதித் தெரு இருட்டு. பூஜை நாள். வீட்டுக்கு வீடு தறிக்குப் பொட்டு வைத்து, சீரியல் லைட்டு கட்டி, படையல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல நேரம் ஆறரை வரைக்கும்தான். போன் பேசியவருக்குக் கோபத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து வந்தது. நானும் முனுசாமியும் பைக்கை எடுத்தோம்.

ராடை எடுக்கலாமா என்று ஒரு வினாடி நின்றேன். மாலையோடு நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முனுசாமியும் பார்த்தார். சின்ன வேலைதானே, சாமி சாமானைக் கலைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

அந்த ஊருக்கு எப்போது போனாலும் தறிச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. அன்று பூஜைக்காகத் தறி எல்லாம் நிறுத்தம். ஊரே அமைதி. அதனால் தெருக்கோடியில் இருந்த தறிக்கூடத்தில் ஜெனரேட்டர் ஓடுவது எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தக் கூடத்தில் மட்டும் சீரியல் லைட்டு பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். நான் நினைத்தது என்ன தெரியுமா? பரவாயில்லை, இந்த ஒரு வீட்டுக்காரராவது நம்மிடம் சண்டைக்கு வரமாட்டார். என் மூளை அன்றைக்கு அவ்வளவுதான் வேலை செய்தது.

டிரான்ஸ்பார்மரில் ஸ்விட்சை இறக்கி, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முறைப்படி லைன் ஆஃப். கம்பத்தைச் சுற்றி நாற்பது பேர். மணி என்ன, மணி என்ன என்று ஆளாளுக்கு நேரம் சொன்னார்கள். முனுசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினார். தெருக்காரர்கள் கொடுத்த ஏணியை நான் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையில் ஏணி இருந்தாலும் மனசு இன்னமும் அந்த ஏ.இ. அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எப்படி என்றா கேட்டாய், நாளைக்குக் காலையில் ஒன்று விடாமல் சொல்கிறேன் கேள், என்று ஆரம்பத்திலிருந்து அடுக்கினேன். அன்றைக்குப் புயல் மேடம். லைன் ஆஃப் மேடம். ஆஃப்தான், ஆனாலும் பக்கத்து மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இதோ நிற்கிறாரே எங்க பாவா முனுசாமி, இவர்தான் ராடை எடுத்து...

ராடு.

மேலே பார்த்தேன். முனுசாமி பெல்ட்டை மாட்டிவிட்டுக் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது பழைய கையுறை. பெருவிரல் கிழிந்தது. நல்லது பூஜையில் இருந்தது.

"பாவா, தொடாத. கைய எட்து கீழ எறங்கு."

நான் கத்தவில்லை என்று முனுசாமி பிற்பாடு சொன்னார். மெதுவாகச் சொன்னேனாம். அதனால்தான் பயந்து கையை இழுத்துக்கொண்டாராம். இறங்கி வந்து, இன்னாடா ஆச்சு என்றார். ஜெனரேட்டர் ஓடுது பாவா, நம்மகிட்ட ராடு இல்லை என்றேன். அவர்கள் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சு வைத்திருப்பார்கள், கரண்டு இந்தப் பக்கம் வராது என்று அவர் சொன்னார். வைத்திருப்பார்கள்தான். அநேகமாக. இந்த அநேகமாக என்பதை நம்பித்தான் எட்டு வருஷம் முன்னால் நானும் கம்பத்தில் கால் வைக்கப் போனேன்.

ஏ.இ.க்குப் போன் போட்டேன். மேடம், ராடு பூஜையில இருக்கு, நாங்க எட்துகினு வரலை என்று ஒப்புக்கொண்டேன். அவர், "நீங்க அந்த இடத்தவிட்டு நகராதீங்க. யாரையும் ஏற விடாதீங்க. நானே எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருபத்தைந்து நிமிஷம். தம்பிகளே, என் வேலையில் கஷ்டமான நேரம் எது என்று கேட்டால் புயல் இல்லை, வெள்ளம் இல்லை, இந்த இருபத்தைந்து நிமிஷம்தான். ஒருத்தர், ரெண்டு கம்பியை முறுக்கறதுக்கு எதுக்குய்யா இவ்ளோ பூச்சாண்டி என்றார். இன்னொருவர் எங்களை வீடியோ எடுத்தார். ஒரு அம்மா, படையல் ஆறிப் போச்சு, உங்களுக்குப் புண்ணியமா போவும் என்று அழாத குறையாகக் கேட்டார். அந்த அம்மா கேட்டதுதான் முனுசாமிக்குத் தாங்கவில்லை. "ஊரே பாத்துகினு இருக்குது, மானம் போவுது. உடு மச்சான், நான் பாத்து ஏறிட்றேன்" என்று மறுபடி கம்பத்துப் பக்கம் போனார். நான் அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடுங்கி, கம்பத்தடியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்கா புருஷனிடம் அப்படி நடந்துகொள்ளக் கூடாது. அவர் என்னைத் திட்டிய வார்த்தைகளும் மச்சானைத் திட்டக் கூடாதவைதான்.

உட்கார்ந்திருந்தேனே தவிர, மனசில் பயம் வேறு, வெட்கம் வேறு. என்னை ஒரு தடவை உயிரோடு வைத்த மனுஷன் எதிரில் நின்று என்னைத் திட்டுகிறார். அவர் பெயரைத்தான் நான் மூன்றாவது வருஷமே கதையிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்றும் ஆகாது என்று அவரை ஏறவிட்டதும் நான்தான். எட்டு வருஷமாகச் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த ஆள்.

ஏ.இ. அம்மா ஸ்கூட்டரில் வந்தார். பின் சீட்டில் வாட்ச்மேன் ராடை ஈட்டி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழற்ற நேரமில்லை, சாமந்தி மாலை அப்படியே இருந்தது. கொக்கியில் குங்குமம், கம்பில் மூன்று இடத்தில் சந்தனம். கூட்டத்தில் இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாலையைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்தேன். பூமிக்குப் போகிற வயரை அழுத்தி மாட்டினேன். அவர்கள் கொண்டு வந்த நல்ல கையுறையைப் போட்டுக்கொண்டு ராடைத் தூக்கி, ஆஃப் ஆன அந்த லைனில் கொக்கியை வைத்தேன்.

நீல வெளிச்சம் ஒன்று வெட்டியது. டமார். தெருக்கோடியில் ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றது. பச்சையும் சிவப்புமாக மினுக்கிய சீரியல் லைட்டு அணைந்தது. வீடியோ எடுத்தவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முனுசாமி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். படையல் ஆறிப் போச்சு என்ற அந்த அம்மாதான் ஓடிப் போய்ச் சொம்பில் கொண்டு வந்தார்.

தறிக்கூடத்துக்காரர் நல்ல மனுஷன். ஓடி வந்து ஏ.இ. காலில் விழப் போனார். சேஞ்ச் ஓவர் ஸ்விட்சு எங்கே என்று ஏ.இ. கேட்டதற்கு, உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். கரி பிடித்திருந்தது என்று காலையில் அதைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பொட்டு வைத்து, தறியின் நாடாவுக்கும் பாவு உருளைக்கும் நடுவில் பூஜையில் வைத்திருந்தார். நாளைக் காலை வரைக்கும் எடுக்கக் கூடாது என்பதால் வயரை நேராக முறுக்கி ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏ.இ. அந்த ஸ்விட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஸ்விட்சைப் பார்த்தார். ஏழு மணிக்குக் கரண்டு கொடுத்தோம். மறுநாள் எனக்கு மெமோ கொடுத்தார். அதில் எழுதியிருந்தது எல்லாம் சரி.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். என் அக்காவும் வந்திருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. பயப்படுவாள் என்று முனுசாமியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் முறை வந்தபோது ஒரு அடி முன்னே வந்தார். வழக்கமாகத் திருப்பதி வரிசையில் மயங்கி விழுந்து பிழைத்த கதையைத்தான் சொல்லுவார். அன்று வேறு சொன்னார்.

"போன வருஷம் இதே நாளு, கம்பத்து மேல சாவ வேண்டியவன். என் மச்சான் ராடை எட்துகினு வரல. நானும் கேக்கல, எனக்கும் தெரிஞ்சுதான் ஏறினேன். காலைல மேடம் இவன எப்பிடின்னு ஒரு வார்த்த கேட்டாங்க. அத்த நென்ச்சுகினு இருந்ததால இவனுக்கு ஞாபகம் வந்துச்சு, எறங்க சொன்னான். மேடம் ராடை கொணாந்தாங்க. ஒரு அம்மா தண்ணி குட்த்தாங்க. இவ்ளோ பேரையும் முருகன் அன்னிக்கு அங்க நிறுத்தி வெச்சான். அதான் இருக்கேன்."

என் பெயரைத் தப்போடு சேர்த்துச் சொன்னார். எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை பொய்யில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. சங்கராந்திக்கு வடை கொடுத்தனுப்பினாள், அதிலும் எண்ணிக்கை குறைவு. முனுசாமி அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும் வரைக்கும் வருஷா வருஷம் அதையே சொன்னார். ஒரு வார்த்தை குறைத்ததில்லை. தண்ணீர் கொடுத்த அம்மாவைக்கூட விட்டதில்லை. நானும் என் ஏரிக்கரைக் கதையைப் புயலிலிருந்து தொடங்கி முழுசாகச் சொல்ல ஆரம்பித்தேன். சுண்டல் ஆறிவிடுகிறது என்று புகார் வந்தது. ராடுக்கு அதற்கப்புறமும் பொட்டு வைத்தோம், மாலை போட்டோம். கற்பூரம் காட்டியதும் எடுத்து வண்டியில் வைத்துவிடுவோம்.

ஆகவே தம்பிகளே, தங்கச்சிகளே, சாமிக்கு நன்றி சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் காப்பாற்றினார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தக் கம்பம், யார் பக்கத்தில் இருந்தார், எந்தச் சாமானை எடுத்தார், நீங்கள் எதை மறந்தீர்கள் என்று முழுக்கச் சொல்லுங்கள். சுருக்கிச் சொல்லத் தொடங்கினால் முதலில் ஆள் போய்விடும், அப்புறம் ராடு போய்விடும். அப்படிப் போகவிட்டவன் சொல்கிறேன்.

இப்போது முனுசாமிக்கு அறுபத்தெட்டு வயசு. அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலையில் ஆறு மணிக்கெல்லாம் அக்கா ஆரம்பித்துவிடுவாள். ஈரத் துண்டை நாற்காலியில் போடாதே என்று எத்தனை தடவை சொல்வது, சர்க்கரை மாத்திரை போட்டாயா இல்லையா, டீக்கடைக்குப் போனால் வீட்டுக்கு வழி மறந்துவிடுமா என்று அவரைத் திட்டுவது சுவரைத் தாண்டிக் கேட்கும். அவர் ஆங், ஆங் என்று சொல்வதும் கேட்கும். காலங்காத்தால என்ன இது என்று என் மனைவி ஜன்னலைச் சாத்தப் போவாள். சாத்தாதே, இரு என்பேன். அவள் திட்டி முடித்து, அவர் கடைசி ஆங் சொல்லும் வரைக்கும் உட்கார்ந்து கேட்பேன். அப்புறம்தான் எழுந்து மலைப் பக்கம் திரும்பிக் கும்பிடுவேன்.